ராணியின் அட்டையில் வந்த பையன்

முதுகுக்குப் பின்னால் என்னை ‘சி.ஐ.டி.’ என்று கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பணி ஓய்வு விழாவில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, பொறுமைசாலி, புண்ணியவதி என்றெல்லாம் பேசினார்கள். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில்தான், புதிதாக வேலைக்கு வந்திருந்த செவிலியர் பெண்கள் மனதில் இருந்ததைக் கேட்டார்கள். “சிஸ்டர், பாதி காலியா இருக்கிற தடுப்பூசி அட்டையைப் பார்த்தா நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களாம். எல்லாம் நிரம்பியிருந்தாத்தான் தோண்டித் துருவுவீங்களாமே, ஏன்?”

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது குழந்தைகளின் பதிவெல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போக விடாதாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மார்கரெட். கிராம சுகாதார செவிலியராக ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவிலேயே என் வேலைக் காலம் முழுவதும் ஓடியது. எங்கள் துணை சுகாதார நிலையம் எந்த ஊரில் இருந்தது என்று சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹாஸ்டல், நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை, பிரசவ வார்டில் நின்று நின்று வீங்கிய கால். வேலைக்கு வந்த புதிதில் வல்லம் வடகாலில் நெல் வயல் இருந்தது. வரப்பில் நடந்துபோய் ஊசி போட்டுவிட்டு வருவேன். எந்த வீட்டில் எந்தக் குழந்தை என்பது எனக்கு மனப்பாடம். பிறகு வயல் எல்லாம் கம்பெனி ஆயிற்று. விற்ற பணத்தில் ஊர்க்காரர்கள் வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அந்த அறைகளுக்கு ஒடிசா, ஜார்க்கண்ட், தென் மாவட்டங்கள் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். என் மனப்பாடம் ஒன்றுக்கும் உதவாமல் போனது.

ஒரு குழந்தையின் அட்டை ஏன் முழுதாவதில்லை என்று மேலே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் ஊசிக்கு இருந்த குடும்பம் இரண்டாவது ஊசிக்கு வேறு காண்ட்ராக்டரிடம் போயிருக்கும். அட்டையை ஊரில் மாமியார் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பார். அம்மாவுக்குக் காலை ஷிப்டு, அப்பாவுக்கு ஓ.டி., புதன்கிழமை ஊசிக்குத் தூக்கிவர ஆள் இருக்காது. சிலர் தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு எங்களிடம் சொல்லவே மாட்டார்கள். வடக்கத்திக் குழந்தைக்கு எங்களிடம் ஒரு பெயர் இருக்கும், வீட்டில் வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு அட்டை காலியாக இருந்தால் அதில் ஆச்சரியம் என்ன? எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

இந்தக் குணம் எனக்கு டாக்டர் அருளாளனிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் எங்கள் வட்டார மருத்துவ அலுவலர். மாதாந்தரக் கூட்டத்துக்கு வந்தால் டீயை வாங்கி வைத்துக்கொண்டு, அது ஆடை கட்டும்வரை குடிக்க மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பதிவேட்டில் இருப்பதிலேயே சுத்தமாக நிரம்பிய பக்கத்தைத் தேடி எடுப்பார். எடுத்து, மூடி வைத்துவிடுவார்.

“இந்தக் குழந்தைய நேர்ல பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“மொட்டை போட்டாச்சா அதுக்கு?”

“போன மாசம் போட்டாங்க சார்.”

“உங்களைப் பாத்தா அழுமா, சிரிக்குமா?”

ஒரே கேள்விதான். மூன்று விதமாகக் கேட்பார். உண்மையாகப் பார்த்தவளுக்கு மூன்றுக்கும் பதில் தானாக வரும். பார்க்காமல் எழுதியவள் மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வாள். கத்த மாட்டார். “சரி, போய்ப் பாத்துட்டு வாங்க” என்பார், அவ்வளவுதான். காலி இடத்தைக் கண்டால், “காரணம் எழுதுங்க” என்பார். ‘தாய் ஊருக்குப் போய்விட்டார்’, ‘கதவு பூட்டியிருந்தது’ என்று ஏதாவது ஒரு வரி இருக்க வேண்டும்.

எடை போடும் விஷயத்தில் அவர் ரொம்பப் பிடிவாதம். குழந்தையைத் துணி, டயப்பர், அரைஞாணில் கோத்த தாயத்து முதற்கொண்டு எல்லாம் கழற்றிவிட்டுத்தான் தராசில் தொங்கும் துணித் தொட்டிலில் போட வேண்டும். போடுவதற்கு முன் வெறும் தொட்டிலை மாட்டி முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தை கையைக் காலை உதறி அடங்கும்வரை காத்திருந்து, முள்ளுக்கு நேராகக் குனிந்து படிக்க வேண்டும். கூட்டம் அதிகமுள்ள நாளில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று மற்ற செவிலியர்கள் முணுமுணுப்பார்கள். எனக்குப் பழகிவிட்டது.

பக்கத்துத் துணை நிலையத்தில் ரேவதி என்ற பெண் இருந்தாள். அவள் பிரசவ விடுப்பில் போனதும் அந்த இடத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். வாடகை அறைகள் மிகுந்த பகுதி அது. ஆனால் ரேவதியின் அட்டைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. மாவட்டக் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டியிருந்தார்கள். எனக்கு முதல் நாளிலேயே உறுத்தியது. என் பகுதியில் ஓடுகிற ஜனம்தானே அவள் பகுதியிலும் ஓடுகிறது, அவளிடம் மட்டும் எப்படி எல்லோரும் தேதி தவறாமல் வந்து நிற்கிறார்கள்?

அங்கே நான் போன இரண்டாவது புதன்கிழமை சுனிதா வந்தாள். ஒடிசாக்காரி, கணவன் வெல்டர். கையில் பூப்போட்ட கவுன் அணிந்த குழந்தை, நெற்றியில் பெரிய மைப்பொட்டு. அட்டையை நீட்டினாள். பெயர் ராணி, பெண் குழந்தை, ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்று. எல்லாம் ரேவதி கையெழுத்து.

“இருமல். மருந்து குடுங்க” என்றாள்.

குழந்தை இருமியது. சாதாரண இருமல் இல்லை. மூச்சு விட இடைவெளி இல்லாமல் தொடர்ந்து இருமி, கடைசியில் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது. உதட்டைச் சுற்றி நீலம் படர்ந்தது. நான் எழுந்துவிட்டேன். முதுகைத் தட்டியதும் கொஞ்சம் பாலைக் கக்கிவிட்டு மூச்சு வாங்கியது.

கக்குவான் இருமல் என்றுதான் என் மனதில் முதலில் பட்டது. ஆனால் கையில் இருந்த அட்டை அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த ஐந்து நோயில் கக்குவானும் ஒன்று. மூன்று தவணையும் போட்ட குழந்தைக்கு அது இப்படி வருவது அபூர்வம். அட்டைப்படி குழந்தைக்கு ஏழு மாதம். இது கையில் வாங்கிப் பார்த்தால் ஐந்து மாதத்துக்கு மேல் சொல்ல முடியாத குழந்தை.

“எடை போடணும். துணியைக் கழட்டுங்க.”

“வேணாம். குளிர். மருந்து மட்டும் குடுங்க.”

வெளியே வெயில் கொளுத்தியது. குளிராம். “ரெண்டு நிமிஷம்தான்மா” என்று நானே வாங்கிக் கவுனைக் கழற்றி, டயப்பரை அவிழ்த்தேன்.

பையன்.

நான் சுனிதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். “இது யாரு குழந்தை?” என்று நான் கேட்டு முடிக்கும் முன் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அட்டை என் மேசையிலேயே கிடந்தது, எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். “ரேவதி ஊசி போடாமலேயே எழுதியிருக்கா. இன்னும் எத்தனை அட்டையில இந்த வேலை பண்ணியிருக்காளோ!” என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். ரேவதியைக் கூப்பிட்டேன். கைக்குழந்தையோடு தாய் வீட்டில் இருந்தாள். நான் கேட்டதும் அழுதுவிட்டாள்.

“அக்கா, சத்தியமா சொல்றேன், ஊசி போடாம நான் ஒரு தேதிகூட எழுதினதில்லை. எடை மட்டும்தான், அப்ப மெஷின் ரிப்பேரு, குத்துமதிப்பா எழுதினேன். அந்தம்மா மூணு தடவையும் வந்தாங்க. மூணு தடவையும் போட்டேன்.”

“யாருக்குப் போட்ட?”

“அந்தக் குழந்தைக்குத்தான்க்கா.”

“எந்தக் குழந்தைக்கு?”

“ரெண்டாவது தடவை வந்தப்ப கொஞ்சம் இளைச்ச மாதிரி இருந்துச்சு. வயித்துப்போக்கா இருக்கும்னு நெனச்சேன்” என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊசி மூன்றும் போட்டது நிஜம், ஆனால் ஒரே உடம்பில் இல்லை. ராணிக்கு இரண்டு, நடுவில் ஒன்று இந்தப் பையனுக்கு. அட்டை முழுசு, குழந்தைகள் இரண்டும் அரைகுறை.

அன்றைக்கு மத்தியானமே அந்த அறை வரிசைக்குப் போனேன். சுனிதாவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டி.வி. அலறிக்கொண்டிருந்தது. தட்டினேன். ஜன்னலைத் திறந்து, “இங்க என் ராணி மட்டும்தான்” என்று காட்டினாள். கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. “காலைல கூட்டிட்டு வந்த பையன் எங்க?” என்றேன். “தெரியாது” என்று ஜன்னலை மூடிவிட்டு டி.வி. சத்தத்தை இன்னும் ஏற்றினாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் இருமல் கேட்டது. கேட்டதா, எனக்குத்தான் கேட்பதுபோல் இருந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வரிசைக்கு எதிரே கௌரியின் பெட்டிக்கடை. பீடிக்கட்டுக்கும் பாக்குச் சரத்துக்கும் நடுவில் டயப்பரை ஒற்றை ஒற்றையாகத் தொங்கவிட்டிருந்தாள். இரண்டு அளவு இருந்தது.

“இந்தச் சின்ன சைஸ யாரு கௌரி வாங்கிக்கினு போறாங்க?”

“இன்னா நர்சம்மா, போலீசு மாதிரி கேக்குற! நான் இன்னாத்த கண்டேன்? கடையில வெச்சிக்கீறேன், வாங்கிக்கினு போறாங்கோ.”

“அந்தக் கொழந்தைக்கு மூச்சு நிக்குது கௌரி. நான் பாத்தேன்.”

அவள் கை பொட்டலம் மடிப்பதை நிறுத்தியது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். “மூணு மணி கம்பெனி பஸ்ல ஒரு பொண்ணு எறங்கும். தெக்கத்திப் பொண்ணு. யார் கூடயும் பேசாது. நான் சொன்னேன்னு சொல்லிடாத நர்சம்மா.”

பஸ் வந்தது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, கூட்டமாகப் பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி மட்டும் அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள், பெயர் உள்பக்கம். இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். என் வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் அவள் வேறு பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நானும் கூடவே நடந்தேன்.

“உன் பையனைக் காலையில பாத்தேம்மா.”

“எனக்குப் பிள்ளையே கெடையாது. வழிய விடுங்க.”

“சட்டைல பால் கசிஞ்சிருக்கு.”

நின்றுவிட்டாள். கையால் மார்பை மூடிக்கொண்டாள். “எக்கா, ஒங்கள யாரு அனுப்புனா? நெசத்தச் சொல்லுங்க. எங்க அண்ணமாரு அனுப்புனாவளா?”

“என்னை யாரும் அனுப்பல. நான் நர்சு. உன் குழந்தைக்கு வந்திருக்கிறது கக்குவான்னு நெனக்கிறேன். இருமி இருமி மூச்சு நின்னு நீலமாகுது. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். பேரு, ஊரு எதுவும் எனக்கு வேணாம். வா.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாள் என்று சொல்ல மாட்டேன். நம்பாமலே வந்தாள். சுனிதாவின் அறையில் டி.வி. பெட்டிக்குப் பின்னால் புடவைத் தூளியில் அந்தப் பையன் கிடந்தான். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரைப் பேசி, வேறு யாரையும் ஏற்றாமல் போனோம். வழியில் இரண்டு முறை மூச்சு நின்றது. இரண்டு முறையும் அவள், “ஏசுவே, மாரியாத்தா, யாராச்சும் வாங்களேன்” என்று அரற்றினாள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் ஓடியவள், பயத்தில் ராணியின் அட்டையையே நீட்டிவிட்டாள். என் பையிலிருந்து அதை எப்போது எடுத்தாள் என்றே தெரியவில்லை. பணியில் இருந்த இளம் டாக்டர் அட்டையைப் புரட்டி, “தடுப்பூசியெல்லாம் கரெக்டா போட்டிருக்கே. சளிதான். மருந்து எழுதித் தர்றேன்” என்றார். அவர் மேல் குற்றமில்லை, அட்டை அப்படித்தான் சொன்னது. நான் குறுக்கே போய், “டாக்டர், இந்த அட்டை இந்தக் குழந்தையோடது இல்லை. இவன் ஆண் குழந்தை. போட்டது ஒரே ஒரு ஊசிதான்” என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு குழந்தையின் டயப்பரை விலக்கிப் பார்த்தார். அடுத்த நிமிடம் பிராணவாயு வைத்துவிட்டார்கள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் அவள் சொன்னாள். இசக்கியம்மாள் அவள் பெயர். கம்பெனியில் வேறு பெயர். கணவன் செல்வம் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறான். இரண்டு பேரும் ஒரே ஊர், வேறு வேறு தெரு. ஊரைவிட்டு ஓடிவந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

“பிள்ளைக்கு ஊசி போடணும்னு ஆசைதாம்க்கா. ஆனா ரெஜிஸ்டர்ல ஏத்துனா ஊரு கேப்பாவ, போன் நம்பரு கேப்பாவ. எங்கூர் நர்சுக்குப் போன் போட்டுக் கேப்பாவளாம்லா. ஒரு போன் போதும், அவிய கெளம்பி வந்துருவாவ. சுனிதாக்காதான் சொல்லிச்சு, ராணி அட்டையில ஒரு ஊசியாச்சும் போட்டுருவோம்னு. அது தங்கம்க்கா. அத ஒண்ணும் செஞ்சிராதீங்க.”

ஊர்ப் பெயரையும் சொந்தப் பெயரையும் அவள் அனுமதிச் சீட்டில் கொடுத்துவிட்டிருந்தாள். பையன் நீலமாகிக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கிறார்கள், நிஜத்தையே சொல்லியிருக்கிறாள். குழந்தையின் பெயர் மட்டும் அட்டையில் இருந்தபடி ராணி என்றே பதிவாகியிருந்தது.

மறுநாள் டாக்டர் அருளாளனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பையனுக்குப் புதிதாக ஒரு அட்டை போடுவதாகவும், அப்பா பெயர், பூர்வீகம், போன் எண் மூன்றையும் காலியாக விடப்போவதாகவும் சொன்னேன்.

“கதை நல்லாத்தான் இருக்கு” என்றார். “குழந்தை இவங்களோடதுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கேயோ தூக்கிட்டு வந்த குழந்தையா இருந்தா? ஒளிச்சு வெக்கிறாங்க, பொய்ப் பேர் சொல்றாங்க, பொம்பளப் புள்ள வேஷம் போடுறாங்க. நான் எதை நம்பணும்?”

“பால் குடுக்கிறா சார்.”

“அதுக்காகப் பதிவை ஓட்டையா விட முடியுமா? அவங்க ஊர்ல ஏதாவது ஊசி போட்டிருந்தா அதுவும் தெரியணும்.”

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. நான் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே அனுமதிச் சீட்டின் நகலை எடுத்துக் பதிவு ஏற்றும் கம்ப்யூட்டர் பையனிடம் கொடுத்து, அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போன் போட்டு விசாரிக்கச் சொல்லிவிட்டார். விசாரித்தாயிற்று. அங்கே ஒரு விவரமும் இல்லை என்று பதில் வந்தது. அதோடு முடிந்தது என்று அவர் நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பையன் பிழைத்தான். எளிதாகப் பிழைக்கவில்லை. நெடுநாள் வார்டில் கிடந்து, எலும்பும் தோலுமாகத்தான் அறைக்குத் திரும்பினான். ராணிக்கும் மற்றவர்களுக்கும் முன்னெச்சரிக்கையாக மருந்து கொடுத்தோம். ராணிக்கு விட்டுப்போன ஊசியையும் போட்டேன். அந்த நாட்களில் நான் பார்த்தவர்களையெல்லாம் சந்தேகப்பட்டேன். தெருவில் நின்ற மோட்டார் சைக்கிள், கௌரி கடையில் டீ கேட்ட புது ஆள், பிள்ளைப்பாக்கம் வழி கேட்ட கார்க்காரர் எல்லோரையும்தான்.

ஆனால் வந்தவன் எந்தச் சந்தேகமும் வராத மாதிரி வந்தான். ஒரு புதன்கிழமை. அன்றைக்கு மேற்பார்வைக்கு டாக்டரும் வந்திருந்தார். வந்தவனுக்கு வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் குழந்தைக்கு உடுப்பு வாங்கியதுபோல் ஒரு துணிக்கடைப் பை. தாய்மார்கள் வரிசையில் பணிவாக நின்று, தன் முறை வந்ததும் கும்பிட்டான்.

“அம்மா, என் தங்கச்சி இங்கனதான் கம்பெனில வேல பாக்கா. சின்ன மனவருத்தம், சொல்லாம வந்துட்டா. பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டோம். எங்கம்மா சாப்பிடாம கெடக்கா. விலாசம் மட்டும் குடுத்தா பாத்துட்டுப் போயிருவேன்.”

கண்ணில் தண்ணீர்கூட நின்றது. “அப்படி யாரும் இங்க இல்லீங்களே” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவன் பார்வை என்னைத் தாண்டி மேசையில் இருந்த பதிவேட்டுக்குப் போனது.

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “உக்காருங்க. குழந்தைக்கு நீங்க என்ன வேணும்?”

“தாய்மாமன் சார்.”

“நல்லது. குழந்தையைப் பாத்திருக்கீங்களா?”

“போட்டோல பாத்திருக்கேன் சார்.”

“யாரு சாயல்? உங்க தங்கச்சியா, மாப்பிள்ளையா?”

மாப்பிள்ளை என்ற சொல்லில் அவன் தாடை ஒரு கணம் இறுகியது. உடனே சிரித்தான். “மருமவ எங்கம்மா சாயல் சார். ராணி.”

பையனுக்கு ராணி என்ற பெயர் அவன் ஊரில் யாருக்கும் தெரிய வழியில்லை. கம்ப்யூட்டர் பையன் போனில் அனுமதிச் சீட்டில் இருந்த குழந்தையின் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். அந்தப் போனைப் போடச் சொன்னவர் இதோ உட்கார்ந்திருக்கிறார். அவர் டீயை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார்.

“எங்க பதிவுல ஒரு ராணிதான் இருக்கா. அவ தாய்க்குத் தமிழே சரியா வராது. உங்க தங்கச்சியா இருக்க முடியாது” என்றார். “இருந்தாலும் நீங்க வருத்தப்படுறீங்க. உங்க ஆதாரைக் குடுங்க, பேர், விலாசம் எழுதிக்கிறேன். போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு தகவல் குடுத்துட்டு, அவங்க மூலமா முறைப்படி தேடிக் குடுக்கச் சொல்றேன்.”

“எதுக்கு சார் போலீசெல்லாம்...”

“குழந்தை காணோம்னா போலீஸ்தானே சார் தேடணும். சிஸ்டர், ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க.”

நான் போனை எடுத்தேன். அவன் எழுந்தான். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். யாரைப் பார்த்துக்கொள்வான் என்று சொல்லவில்லை. வாசலில் அவனுக்காகக் கார் ஒன்று நின்றது. அதில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். துணிக்கடைப் பையை நாற்காலியிலேயே விட்டுப் போயிருந்தான். அதில் இருந்தது ஒரு பழைய துண்டு மட்டும்.

கார் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் திரும்பி மறையும்வரை டாக்டர் ஜன்னலில் நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், “ஊசிப் பெட்டியை எடுத்துக்கோங்க” என்றார். தன் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு, நேர்வழியில் போகாமல் இரண்டு மூன்று கம்பெனிகளைச் சுற்றி, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு அந்த அறை வரிசைக்குப் போனார்.

சொன்னதும் இசக்கியம்மாள் அழவில்லை. மூட்டை ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. வந்த நாளிலிருந்தே கட்டித்தான் வைத்திருந்தாளாம். செல்வத்துக்குச் சுனிதாவின் கணவன் தகவல் சொல்லப் போயிருந்தான். போலீஸ் பாதுகாப்புக் கேட்கலாம் என்று டாக்டர் சொன்னார். “எந்த ஸ்டேஷன்ல எவன் எங்க சொந்தக்காரனோ, யாரு கண்டா?” என்றாள்.

பையனுக்கு இரண்டாவது தவணை ஊசியை அந்த அறையிலேயே போட்டேன். புது அட்டையை எடுத்துப் போட்ட தேதிகளை எழுதினேன். பையனுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். செல்வம் வைத்த பெயர் ஒன்றைச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். அப்பா பெயர், பூர்வீகம், போன் எண் மூன்று இடமும் காலி. டாக்டர் அட்டையை வாங்கினார். பேனாவை எடுத்து, அந்தக் காலி இடங்களுக்குப் பக்கத்தில், ‘தாய் தெரிவிக்க விரும்பவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

“மன்னிச்சிடும்மா. அந்தப் போனை நான்தான் போடச் சொன்னேன்” என்றார்.

“நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீய” என்றாள். நான் என் செல் எண்ணை அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். சுனிதா ராணியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையனின் நெற்றியில் மைப்பொட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தாள். இந்த முறை சின்னதாக. செல்வம் வந்ததும் மூன்று பேரும் ஒரு தண்ணீர் லாரியின் முன்பக்கம் ஏறிக்கொண்டு போனார்கள். எந்தத் திசையில் என்று நானும் டாக்டரும் பார்க்காமல் திரும்பிக்கொண்டோம்.

அந்த மாத அறிக்கையில், பாதியில் விட்டுப்போன குழந்தைகள் கணக்கில் அவனும் ஒருவன். மாவட்டத்தில் டாக்டரை எழுப்பி நிறுத்திக் கேட்டார்களாம். ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு வந்ததாக அவருடைய டிரைவர் சொன்னார்.

மழைக்காலத்தில் ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல்.

“மேடம், நான் ஒரு துணை நிலையத்துலேர்ந்து பேசுறேன். இங்க ஒரு குழந்தை வந்திருக்கு. அட்டையில உங்க நம்பர் இருக்கு. அப்பா பேரு, ஊரு எதுவும் இல்லை. உங்களுக்குத் தெரியுமா?”

குரல் இனிமையாக இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் குரலும் இனிமையாகத்தான் இருந்தது. அட்டை அவர்கள் கையில் சிக்கிவிட்டதா? ஒரு பெண்ணை விட்டுப் பேசச் சொல்கிறார்களா?

“நீங்க நர்சுதானா?” என்றேன்.

“ஆமா மேடம்.”

“அப்ப சொல்லுங்க. ஊசிப் பெட்டியில வெக்கிற ஐஸ் பேக்கை ஃப்ரீசர்லேர்ந்து எடுத்ததும் அப்படியே வெப்பீங்களா?”

அந்தப் பக்கம் சிரிப்பு. “என்ன மேடம், எனக்கே இன்ஸ்பெக்‌ஷனா? வேர்க்க விட்டு, காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்த்து, உள்ள தண்ணி சலசலன்னு கேட்டாத்தான் வெப்போம். இல்லன்னா ஊசி மருந்து உறைஞ்சு வீணாப் போயிடும்.”

இதை ஊசி போடுகிற கைதான் சொல்ல முடியும். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“அட்டை நிஜம்தாம்மா. அதுல இருக்கிற ரெண்டு ஊசியும் அவனுக்கே போட்டது. மூணாவது போடுங்க.”

“சரி, லைன்லயே இருங்க” என்றாள். தாயின் குரல் ஏதோ கேட்டது, என்னவென்று புரியவில்லை. பிறகு பையன் அழுதான். நல்ல கனத்த அழுகை. மூச்சை இழுத்து இழுத்து, விட்டு விட்டு, ரொம்ப நேரம் அழுதான். நடுவில் ஒரு இருமல்கூட இல்லை.

“போட்டாச்சு மேடம். நான் இங்க எந்த ஊர்லேர்ந்து பேசுறேன்னா—”

“வேணாம்மா” என்றேன். “எங்கிட்ட சொல்லாதீங்க.”